இருபது பக்க உருட்டு

...அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க டீச்சர். ஆங்... அப்படித்தான். வயர மிதிச்சிராதீங்க, மிதிச்சா ஆட்டமே போச்சு. பாத்தீங்களா அநியாயத்த? சாப்புடற மேஜைங்க இது! நாலு பேரு உக்காந்து, நடுவுல ஒரு பேப்பர விரிச்சு, பென்சில்ல ரெண்டு கோடு போட்டு, "இது குகை, இது ஆறு"ன்னு சொன்னா வேல முடிஞ்சுது. இப்ப என்னடான்னா டிவிய மல்லாக்கப் படுக்க வெச்சு, அதுக்கு மேல கண்ணாடி, அதுக்கு ஒரு லேப்டாப்பு, லேப்டாப்புக்கு ஒரு பாஸ்வேர்டு... ஒரு ஆத்தப் பாக்கறதுக்கு ஆறு வயரு!

இல்லல்ல, நீங்க சீக்கிரம் வந்தது நல்லதாப் போச்சு. மத்தவங்க வர இன்னும் அரைமணி நேரம் இருக்கு. எதுத்த வீட்லேர்ந்து வந்து, "ஞாயித்துக்கிழமையானா இங்க என்ன சத்தம்?"னு நீங்க கேட்டப்ப, சண்டைக்குத்தான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். ஆட்டத்துல சேர வந்திருக்கீங்க. பாவம்.

ஆட்டம் ஒண்ணும் பெரிய வித்தையில்ல. நான் கத சொல்லுவேன். நீங்கல்லாம் கதைக்குள்ள ஆளுக்கொரு வேஷம். ஒருத்தர் வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன். பேய், பூதம் மொத்தமும் நான். நீங்க வாள வீசுனா பட்டுச்சா படலையான்னு யாரு சொல்றது? இந்த டைஸ் சொல்லும். எண்ணிப் பாருங்க, இருபது பக்கம். பெரிய நம்பர் விழுந்தா வெட்டு விழுந்துச்சுன்னு அர்த்தம். பூதம் உங்கள வெட்டறதுக்கு நான் உருட்டுவேன். அவ்ளோதாங்க! இதுக்கு எதுக்கு சாப்ட்வேர்?

நான் பல் செட்டு செய்யற லேப்ல இருக்கேன், தெரியுமில்ல? பதினெட்டு வருஷமா. மெழுகுல ஒவ்வொரு பல்லா வெச்சு வெச்சுப் பாத்து... அங்கயும் வந்துருச்சு. ஸ்க்ரீன்ல பல்லு சுத்துது. சுத்தட்டும். அத வெச்சு ஒரு பிஸ்கட்டக் கடிக்க முடியுமா?

எல்லாம் எங்க கொழுந்தன் பண்ண வேல. எங்க வீட்டுக்காரரோட தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். அப்டேட்டுன்னுதான் நாங்க கூப்புடுவோம். கதவு கிறீச்சுன்னாக்கூட, "அண்ணி, இதுக்கு ஒரு அப்டேட் இருக்கு"ம்பான். அவன்தான் ஒருநாள் டிவியத் தூக்கிட்டு வந்து எறக்குனான். மேப்பு இதுல வருமாம், வீரன் நடந்தா இருட்டு விலகுமாம், பூதத்துக்கு உயிர் எவ்ளோ மிச்சம்னு அதுவே காட்டுமாம். சரி... அழகாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. அதோட விட்டானா? "டைஸும் வேணாம் அண்ணி. இந்த பட்டன அமுக்குங்க, நம்பர் வந்துரும்." எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! பட்டன அமுக்கி நம்பர் வாங்க நான் என்ன லிஃப்ட்லயா நிக்கறேன்?

அதுவுமில்லாம எங்க அண்ணன் இருக்கானே... என் கூடப் பொறந்தவன். பஸ் ஓட்டிட்டிருந்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி பக்கவாதம். வலது கை இன்னும் சரியா வரல. இடது கையால டைஸ அள்ளி, குலுக்கி, வாய்கிட்ட வெச்சு ஊதி, ஒரு போடு போடுவான் பாருங்க! பாதி நேரம் சோபாவுக்கடியிலதான் போய் விழும். விழட்டுமே. அவன் கிட்ட போய் பட்டன அமுக்குன்னு சொல்றதா?

அதனால ஒரு ஒப்பந்தம். டைஸ நெசமாவே உருட்டறது, விழுந்த நம்பர சாப்ட்வேர்ல தட்டறது. அவங்கவங்க நம்பர் அவங்கவங்க போன்ல, பூதத்து நம்பர் நான் லேப்டாப்புல. சுத்தப் பைத்தியக்காரத்தனம்! ஒரு வேலைய ரெண்டாக்குறதுக்குப் பேரு வசதியாம். உருட்டு, மூக்குக்கண்ணாடியத் தேடி மாட்டு, பாரு, தட்டு, தப்பாத் தட்டு, அழி, திருப்பித் தட்டு... அங்க பூதம் ஓங்குன கைய எறக்காம நிக்குது, நான் ஏழு எங்க இருக்குன்னு தேடிட்டிருக்கேன். வாராவாரம் புலம்பித் தீத்தேன். வாயச் சும்மா வெச்சிட்டிருந்திருக்கலாம்.

ஏன்னா அப்டேட்டு அதக் காதுல வாங்கிட்டான். ரெண்டு மாசம் இருக்கும். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம, சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு கேமராவ, தோ, அந்த லைட்டுல ஒட்டி வெச்சிட்டான். சரியா நான் டைஸ் உருட்டற தட்டுக்கு மேல. டைஸ்ல விழுந்தத அதுவே படிச்சிருமாம். அண்ணி கஷ்டப்படறாங்களேன்னு! கத சொல்றவ உருட்டறத யாரும் பாக்கக் கூடாதுன்னு நான் முன்னாடி ஒரு அட்ட மறைப்பு வெச்சிருப்பேன். மறைப்பு முன்னாடி நிக்குது, இவன் மேலேருந்து எட்டிப் பாக்கறான்!

அன்னிக்குப் பாலத்து மேல சண்ட. எங்க அண்ணனோட வீரன் பேரு ஹேண்ட்பிரேக். எவன் வந்தாலும் நிறுத்துவானாம், அவன் வெச்ச பேருதான். அஞ்சாறு வருஷமா அதே வீரன். அன்னிக்கு அவனுக்கு உயிரு ஊசலாடுது. பூதம் கோடாலிய ஓங்குது. நான் உருட்டுனேன். பாத்தேன். "ஆறு! படல, தப்பிச்ச!"ன்னு சொல்லி, ஆறுன்னு தட்டுனேன். எல்லாரும் ஓன்னு கத்தறாங்க. அப்ப டிவியில, பாலத்துக்கு நட்டநடுவுல, பூசணிக்கா சைசுல எழுத்து வருது: "டைஸில் 20. பதிவானது 6. எது சரி?"

எது சரியாம்! கேக்குது பாருங்க கேள்வி!

...முழிக்காதீங்க டீச்சர். ஆமா. இருபதுதான் விழுந்துச்சு.

கேமராவுக்குக் கண்ணு சரியில்லேன்னேன். லைட்டு பத்தலேன்னேன். இந்த அப்டேட்டு மடையன் எந்திரிச்சு வந்து, மறைப்புக்குப் பின்னாடி குனிஞ்சு பாத்துட்டு, "இல்ல அண்ணி, இருபதுதான்"ங்கறான்... எனக்கு என்னமோ ஒத்தாச பண்ற மாதிரி!

அண்ணன் டிவியப் பாக்கல. என்னப் பாத்தான். "எத்தன தடவ?"ன்னான். "இன்னிக்கு மட்டும்தான்"னேன். "எத்தன தடவடீ?"ன்னான் மறுபடியும். நான் மறைப்ப நேரா நிமித்தி வெச்சேன்.

மூணு வருஷம் டீச்சர். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து மொத ஞாயித்துக்கிழமை அந்த நாற்காலில வந்து உக்காந்தான் பாருங்க, அன்னிலேர்ந்து. அவன் ஆள வெட்ட எனக்குக் கை வரல. வரலேன்னா என்ன பண்றது?

அவன் சொன்னான், "கேரம்ல எம்பொண்ணு வேணும்னே காய விடறா. நான் டீயச் சிந்துனா உங்க அண்ணி சிந்தவே இல்லேங்கறா. இந்த ஒரு மேஜையிலயாவது நெசமா ஜெயிக்கிறோம்னு இருந்தேன். நீ டைஸ உருட்டல, என்ன உருட்டிட்டிருந்திருக்க." அவ்ளோதான். எந்திரிச்சுப் போயிட்டான். செருப்பு மாட்ட அவ்ளோ நேரமாச்சு, நாங்க ஒருத்தரும் நிமுந்து பாக்கல.

ஒரு மாசம் சாப்ட்வேரத் திட்டுனேன். கேமராவத் திட்டுனேன். கொழுந்தனப் போன்ல கூப்புட்டு வெச்சுத் திட்டுனேன். டிவியக்கூட விட்டு வெக்கல. திட்டறதுக்கு ஆளெல்லாம் தீந்து போச்சு. கடைசில பாத்தா, நான் ஒருத்திதான் மிச்சம்.

போனேன் அவன் வீட்டுக்கு. "வா"ன்னு சொல்லல, போன்னும் சொல்லல. ஹேண்ட்பிரேக்கோட பேரு, பலம் எல்லாம் எழுதி வெச்சிருந்த தாள எடுத்து வெச்சான். "இருபது விழுந்துச்சில்ல? அப்ப இவன் செத்துட்டான்"னு குறுக்க ஒரு கோடு இழுத்தான். அப்புறம் புதுசா ஒரு தாளு எடுத்து, புது ஆளு எழுதறான். இடது கையால. ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாயுது. நாப்பது நிமிஷம்! நான் ரெண்டு கையையும் தொடைக்கடியில வெச்சு அமுக்கிக்கிட்டேன், பேனாவப் புடுங்கிருவேனோன்னு. எங்க அண்ணி ஒரு தடவ, "நான் எழுதட்டுமா?"ன்னாங்க. ஒரு பார்வ பாத்தான், அடுப்படிக்குப் போயிட்டாங்க.

எழுதி முடிச்சுட்டு எனக்கு உத்தரவு போடறான். "மறைப்பு வேணாம். கேமரா இருக்கட்டும். எங்களுக்கு இல்ல, உனக்கு மட்டும்." எனக்கு! என் வீட்ல, என் மேஜைல, என் லைட்டுல, எனக்குக் காவல்! இந்த அவமானத்த எங்க போய்ச் சொல்ல?

போன வாரம்தான் வந்தான். மொத சண்ட. பூதத்துக்கு மொத உருட்டு. பத்தொம்பது. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள டிவி சொல்லிருச்சு, அதுக்கு என்ன அவசரமோ! புது ஆளு காலி. கால்மணி நேரம்கூட உயிரோட இருக்கல. நான் அடுப்படில போய்க் குழாயத் தொறந்து விட்டுட்டு நின்னேன். இங்க என்னடான்னா இவன் மேஜையத் தட்டித் தட்டிச் சிரிக்கறான்! "போயிட்டான்டா! போயிட்டான்!"னு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். சாகறதுல என்னங்க அவ்ளோ சந்தோஷம்? லூசு.

...கீழ கேட் சத்தம் கேக்குதா? அவன்தான். இன்னொரு ஆளு எழுதிட்டு வர்றேன்னு சொல்லிருக்கான்.

எங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க. இருபத்திரெண்டு படி, எட்டாவதுல ஒரு தடவ நிப்பான், வளைவுல ஒரு தடவ நிப்பான். நேரமாகும். போய்க் கையப் பிடிக்கறேன் அது இதுன்னு எறங்கிராதீங்க டீச்சர்.

பாக்கறீங்கல்ல, நானே உக்காந்துதான் இருக்கேன்.