அக்காவுக்குக் கொடுத்த மயக்கம்

எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது. நான் மயக்க மருந்து டாக்டர் ஆன பிறகும், ஆஸ்பத்திரியிலிருந்து வரும்வரை அக்கா சாப்பிடாமல் காத்திருப்பாள். அத்தான் போனதிலிருந்து அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

வயதானவர்களுக்கு மயக்கம் கொடுப்பதில் என்னைக் கெட்டிக்காரன் என்பார்கள். அவர்கள் உடம்பு தாங்கிவிடும், மூளைதான் தாங்காது. மயக்கம் தேவைக்கு மேல் ஆழமாகப் போகக் கூடாது, ரத்த அழுத்தம் விழக் கூடாது, சில தூக்க மருந்துகளைத் தொடவே கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதையெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

இடுப்பு மூட்டு தேய்ந்து அக்காவுக்கு ஆபரேஷன் என்று ஆனபோது, சொந்தக்காரர்களுக்கு நாங்களே மயக்கம் கொடுப்பதில்லை என்றேன். அவள் கேட்கவில்லை.

"உன்னை விட்டா வேற யாரைடா நம்புவேன்?"

முந்தின நாள் அவள் மகள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினாள். "கால் சரியானதும் அம்மாவை என்னோடவே கூட்டிட்டுப் போயிடறேன் மாமா."

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "நீ சமாளிச்சுக்குவேதானே?"

சமாளித்துக்கொள்வேன் என்றேன்.

ஆபரேஷன் மேஜையில் அவள் கை சில்லென்றிருந்தது. போர்வையை இழுத்துவிட்டேன். அவள் தூங்கியதும், மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். எண் இறங்கியது, மயக்கம் ஆழமாகிக்கொண்டே போனது. இறங்கட்டும் என்று விட்டேன். ரத்த அழுத்தமும் விழுந்தது; தூக்கிவிடவில்லை. தொடக் கூடாத மருந்தையும் கொடுத்தேன். அறுவை டாக்டர் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி எலும்பைச் சீவிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஓகேதானே?"

"ஓகே சார்."

மூட்டு அருமையாகப் பொருந்திவிட்டது. கண் விழித்த அக்கா, மகளை "நர்ஸம்மா" என்று கூப்பிட்டாள். வாரங்கள் போயும் தெளியவில்லை.

"இந்த நிலைமைல எப்படி மாமா கூட்டிட்டுப் போவேன்?" என்று மகள் அழுதாள். நான்தான் தேற்றி, விமானம் ஏற்றிவிட்டேன்.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். கை தவறவில்லை, தெரிந்தே செய்தேன். ஆனால் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. இப்போது அவளுக்கு வலியே இல்லை. வீடு முழுக்க நடக்கிறாள், ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்க்கிறாள்.

"யாரைத் தேடறே அக்கா?"

"என் தம்பி இங்கேதான் இருந்தான். காணோமே."

"நான்தான்க்கா."

அந்நியரிடம் சிரிப்பதுபோல் மரியாதையாகச் சிரிக்கிறாள். "அவன் வந்தா சொல்லுங்க. அவனைத் தனியா விட்டுட்டு நான் எங்கேயும் போகலன்னு."

கேட்டீர்களா? அவளுக்கும் போக விருப்பமில்லை.