மாடி கேபினுக்கு ஒரு ஏசி

புத்தூரிலிருந்து நாராயணவனம் செல்லும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் மூத்தவர்.

"பெங்களூர எங்க மாடிக்கே கொண்டாந்துட்டேன்," என்றார் அவர்.

"என்னாக்கா சொல்ற?" என்றார் இளையவர்.

"மாடியில தகர கேபின் போட்டு, உள்ள தெர்மாகோல் அடிச்சு, நேத்து ஸ்பிளிட் ஏசி மாட்டியாச்சு. வெயிலுக்குக் கூலு, மார்கழிக்கு ஹீட்டு, ரெண்டும் வரும். பையன் அங்கயே குந்திக்கினு கம்ப்யூட்டர் வேலை பாப்பான்."

"கம்பெனி அவன பெங்களூருக்கே வரச் சொல்லுதுன்னியே?"

"சொல்லும். இந்தச் சில்லுனு வர்ற காத்த வுட்டு எவன் போவான்?"

நடத்துனர் வந்து போனார். பிறகு இளையவர் கேட்டார்: "ஏசி வந்த அட்டைப்பெட்டிங்க எங்க?"

"அவன்தான் கிழிக்க வேணாம்னு பரண்மேல ஏத்தி வச்சான்."

"வீடு மாத்தறவங்கதான்க்கா பெட்டிய வச்சிப்பாங்க. ஏசியோடயே கெளம்பிடப் போறான்."

"எனக்குத் தெரியாதா? காலையிலயே ரெண்டு பெட்டியிலயும் விதைக் கடலைய கொட்டிட்டேன். வெதைக்கிற வரைக்கும் அதத் தொட எங்க வீட்ல எவனுக்கும் தைரியம் கெடையாது."