தறியில் படித்த கிரேக்கம்

காலையில் ஏனாத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு நெசவாளரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மா லேப் டெக்னீசியன் பரீட்சைக்குப் போகிறாள். மடியில் நோட்டு விரிந்திருந்தது. திடீரென்று, “எனக்குப் பின்பாதி மட்டுந்தான்பா வருது” என்றாள்.

“இன்னாமா சொல்ற? ஆறு மாசமா ஒரே தறியில ரெண்டு பேரும் ஒக்காந்துக்கினு தினம் படிச்சோமே.”

“அதான் தப்பாப்போச்சு. நீ அந்தப் பக்கம் சேலை உடலுக்கு நூல் நாடாவ உட்டுக்கினு ‘கேஸ்ட்ரோன்னா வயிறு’ன்னுவ. நான் இந்தப் பக்கம் சேலைக் கரைக்கு நாடாவ உட்டுக்கினு ‘ஐடிஸ்னா வீக்கம்’னுவேன். இந்த டாக்டருங்க கிரேக்க வார்த்தையில முன்பாதி உன்கிட்டயே நின்னுபோச்சு. பரீட்சை ஹால்ல நீ வந்து பக்கத்துல ஒக்காருவியா?”

அவர் சட்டென்று எழுந்தார். “எழுந்திரு. தறியில மாதிரி நெனச்சுக்கினு என் எடத்துல நீ ஒக்காரு.”

இடம் மாறினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, நாடா விடுவதுபோல் கையை வீசினாள். “கார்டியோன்னா இதயம்.”

“லஜின்னா... இன்னாது அது... படிப்பு.”

“ஹெபட்டோன்னா கல்லீரல். நெஃப்ரோன்னா கிட்னி. யப்பா, எல்லாம் வருது!”

இப்போது அவர்தான் திணறினார். ஒவ்வொரு பின்பாதியையும் அவளே எடுத்துக்கொடுத்தாள்.

பரீட்சை நடக்கும் கல்லூரி ஸ்டாப்பில் நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினாள். அவர் இறங்காமல் நோட்டைப் பிரித்தார். கடைசி ஸ்டாப்பில் நாங்கள் எல்லோரும் இறங்கும்போது கண்டக்டர் அவரிடம் கேட்டார். “எறங்கலியாபா?”

“இதே வண்டியில திரும்பறேன், டிக்கெட் குடு. அவ பாஸ் பண்ணிடுவா. எனக்குத்தான் இன்னும் பாதி படிக்கவேண்டியிருக்குது.”