தலைவரின் சாப்பாட்டுக் கிண்ணம்

— கேட்டைத் திறக்க மாட்டேன் அண்ணே. சொல்ல வேண்டியதை அங்கேயே நின்னு சொல்லுங்க.

— புருல்சா, நான் என்ன சொல்ல வரேன்னா, பத்தொன்பது வருஷம் இந்த மாவட்டத்துக்குத் துணைத் தலைவரா இருந்தவன் நான். இந்த அசனாலியை வாசல்ல நிக்கவெச்சுப் பேசினவங்க இதுவரைக்கும் ஒருத்தரும் கிடையாது.

— நாயைத் திருப்பிக் கொடுக்க வந்த துணைத் தலைவரும் இதுவரைக்கும் ஒருத்தரும் கிடையாது. லாரிக்காரர், வாத்தியார், ரொட்டிக் கடைக்காரர், எல்லாரையும் பார்த்துட்டேன். நீங்க ஒருத்தர்தான் பாக்கி.

— திருப்பிக் கொடுக்க வந்தேன்னு நான் சொன்னேனா?

— கையில என்ன?

— கிண்ணம்.

— உங்க விருந்துல நாயோட சேர்த்து நான் கொடுத்த கிண்ணம். கிண்ணம் முன்னால வந்தா நாய் பின்னால வருதுன்னு அர்த்தம். பதினோரு வருஷமா இந்தக் காப்பகத்தை நடத்துறேன், பார்த்துட்டேன் அண்ணே. அதோ வண்டியில முன்சீட்டுல உக்காந்திருக்கான். ஒத்தைக் காது தெரியுது.

— முதல்ல உள்ள கூப்பிட்டு ஒரு டீ கொடு. வந்த விஷயத்தை டீக்கு அப்புறம் சொல்றதுதானே வழக்கம்?

— அதனாலதான் டீ கிடையாதுங்கறேன். டீயில வாய் வெச்சா நீங்க விருந்தாளி. விருந்தாளி வாய்விட்டுக் கேட்டதை இல்லைன்னு சொல்லக்கூடாது. அந்த வம்புக்கு நான் வரலை.

— எந்தக் கிர்கிஸ்காரியும் டீ இல்லைன்னு சொல்லி நான் கேட்டதில்லை.

— நானும்தான் எவ்வளவோ கேட்டதில்லை. உங்க அறுபதாம் வயசு விருந்துல கேட்டேன். மைக்கைப் பிடிச்சு என்ன சொன்னீங்க? 'ஏழு தலைமுறையா எங்க வாசல் எந்த உயிருக்கும் மூடினதில்லை.' முந்நூறு பேர் இருந்தாங்க. ரெண்டு பேர் அழுதாங்க.

— மூணு பேர். என் சம்பந்தியும் அழுதார்.

— அந்த நேரம் பார்த்துத்தான் நாயைக் கூட்டிட்டு வந்து நிறுத்தினேன்.

— அது ஒரு மரியாதையா? ஒருத்தர் குதிரை கொண்டுவந்தார், ஒருத்தர் கம்பளம் கொண்டுவந்தார். நீ ஒத்தைக் காது நாய்க்கு வெல்வெட் அங்கியைப் போர்த்திக் கொண்டுவந்த.

— விருந்துல எல்லார் முன்னாலயும் கொடுத்ததை யாரும் வேண்டாம்னு சொல்ல முடியாதே. இருபத்தாறு நாய்க்கு அப்படித்தான் வீடு பிடிச்சிருக்கேன். ஆள் எவ்வளவு பெரிய பேச்சுப் பேசுவார்னு முன்கூட்டியே விசாரிச்சுக்குவேன். அதுக்குத் தகுந்த சைஸ்ல நாய்.

— கூடவே விருந்துக்கு வந்த ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கையேந்தி ஆசி வேற கொடுத்துட்டார். இந்த வீட்டுல குரைப்புச் சத்தம் ஓயாம இருக்கட்டும்னு. நான் என்ன சொல்ல வரேன்னா, அது அப்படியே பலிச்சிருச்சு.

— ஆசி விழுந்த பொருளைத் திருப்ப முடியாது அண்ணே. போய் அந்தப் பெரியவரைக் கேளுங்க.

— பேராவது யோசிச்சு வெச்சிருக்கலாம் நீ. தலைவர்! ஆபீசுல பத்தொன்பது வருஷம் ஒரு தலைவருக்குக் கீழ கிடந்தேன். ஓய்வு வாங்கிட்டு வீட்டுக்கு வந்தா இங்கேயும் ஒரு தலைவர். 'தலைவர் சாப்பிட்டாச்சா'ன்னு என் பொண்டாட்டி அடுப்படியில இருந்து குரல் கொடுக்கறா. நான் சாப்பிட்டேனான்னு கேக்க நாதி இல்லை.

— எல்லார் மேலயும் குரைப்பான், ஒரு வேலையும் செய்ய மாட்டான். வேற என்ன பேர் வைக்கிறது?

— வாசலுக்கு நேர் எதிர்ல, பெரிய மனுஷங்களை உக்கார வைக்கிற இடம் இருக்கே, அங்கதான் படுக்கை. சுவர்ல பதினேழு பாராட்டுப் பத்திரம் மாட்டியிருந்தேன். கீழ் வரிசையை முழுசாத் தின்னுட்டான். போன மாசம் மாகாணத்துல இருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். ஆடு அறுத்து, முறைப்படி தலையை எடுத்து அவர் முன்னால வெச்சேன். அவர் ஆட்டைப் புகழ்ந்து, என்னைப் புகழ்ந்து, நாட்டைப் புகழ்ந்து முடிச்சுக் குனிஞ்சா தட்டுல தலை இல்லை.

— தின்னுட்டானா?

— காதை மட்டும் விட்டுவெச்சான்.

— காதுன்னா அவனுக்கு ஒரு இரக்கம்.

— நீ சிரிக்கலாம். அதோட அந்த அதிகாரி வரலை. அவர் வராததைப் பார்த்து மத்தவங்களும் வரலை. 'உங்களை மாதிரி உண்டா அண்ணே'ன்னு யாராவது ஆரம்பிச்சாப் போதும், தலைவர் எந்திரிச்சுக் குரைக்கிறான். புகழ்ச்சி அவனுக்கு ஆகலை.

— உங்களுக்கு?

— வீட்டுல டீத்தூள் மிச்சமாகுது. நல்லாத் தூக்கம் வருது. அதை விடு.

— விட மாட்டேன். மூணு வீட்டுல இருந்து திரும்பி வந்தவன் அவன். ஒவ்வொரு தடவையும் வந்து பத்து நாள் சோத்துப் பக்கமே திரும்ப மாட்டான். நாலாவது தடவை தாங்க மாட்டான் அண்ணே, சொல்லிட்டேன். இங்க இடமும் கிடையாது. இடம் இல்லாம வெளிய நிக்கிறதை எல்லாம் நாய் சுடுற வண்டி பார்த்துக்கும். பனிக்கு முன்னால ஒரு சுத்து வரும். உங்களுக்குத் தெரியாததா? வருஷா வருஷம் அந்த உத்தரவுல கையெழுத்து உங்களுது.

— ஆபீஸ் தலைவர் ஊர்ல இல்லாத நாள்ல மட்டும்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.

— அந்த ஒரு நாள் மட்டும் அவர் எப்பவும் ஊர்ல இருக்க மாட்டார்.

— ஆமா. இருக்க மாட்டார். இப்ப காலையில கண்ணு முழிச்சதும் அந்த வண்டிச் சத்தம் கேக்குதான்னுதான் காதைத் தீட்டிக்கிட்டுக் கிடக்கறேன்.

— நீங்களா? எதுக்கு?

— உன் தலைவர் விடிஞ்சும் விடியாம வேலியைத் தாண்டிப் போயிடறான். ரப்பர் செருப்பை மாட்டிக்கிட்டு நான் பின்னால ஓடறேன். தெருவே நின்னு வணக்கம் சொல்லுது. உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார்னு சொல்லிக்கறேன்.

— எங்க போறான்?

— இங்கதான். நாலு கிலோமீட்டர். உன் பின்பக்கச் சுவர் ஓரமா உக்காந்து முனகறான். உள்ள இருந்து இன்னொண்ணு பதிலுக்கு முனகுது. பக்கத்துல ஒரு கல்லு மேல நான். எத்தனையோ கூட்டத்துல உக்காந்தவன் புருல்சா, ஆனா ரெண்டு பேர் அவ்வளவு அர்த்தமாப் பேசி நான் கேட்டதில்லை.

— அட. கறுப்பி விடிகாலையில எதுக்குச் சுவர்கிட்டப் போய் நிக்கறாள்னு நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

— கறுப்பியா?

— மூணுகால்காரி. ரெண்டையும் ஒரே சாக்குல கட்டி நெடுஞ்சாலைப் பள்ளத்துல போட்டிருந்தாங்க. அவன்தான் சாக்கைக் கிழிச்சு அவளை இழுத்து வெளிய போட்டிருக்கணும், நான் போனப்ப மேல படுத்து மறைச்சுக்கிட்டு இருந்தான். சேர்த்துக் கொடுக்கத்தான் ஆசை. ஒண்ணைத் தள்ளிவிடவே நான் விருந்து விருந்தா அலையறேன், ரெண்டு கொண்டுபோனா என்னையே சேர்த்து விரட்டுவாங்க. ஒண்ணாவது பிழைக்கட்டும்னு பிரிச்சேன். அந்தப் பாவம் என்னுது. அதுக்காக அவனைத் திருப்பி எடுத்துக்கோன்னு மட்டும் சொல்லாதீங்க.

— மலையில பனி இறங்கியாச்சு. கால் விறைக்குது. டீ.

— சரி, வாங்க உள்ள. அறுபது வயசு ஆளை வாசல்ல விறைக்கவிட்ட பாவம் வேற எனக்கு வேண்டாம். ரொட்டியைப் பிச்சு வாயில போடுங்க. இந்தாங்க.

— கோப்பையை விளிம்பு வரைக்கும் நிரப்பியிருக்க. குடிச்சுட்டு உடனே கிளம்புன்னு அர்த்தம்.

— அர்த்தம் தெரிஞ்சவருக்குத்தான் ஊத்தினேன்.

— குடிச்சாச்சு. நான் என்ன சொல்ல வரேன்னா, இப்ப நான் விருந்தாளி.

— விருந்தாளிதான். கேட்டுத் தொலைங்க. தலைவரை இறக்கக் கயிறு எடுத்துட்டு வரேன்.

— முதல்ல இந்தக் கிண்ணத்தைப் பிரி. மேல துணி கட்டியிருக்கு பாரு.

— போர்சோக். இன்னும் சூடு ஆறலை. என்ன அண்ணே இது, நாயைத் திருப்பிக் கொடுக்க வரவங்க பலகாரம் பொரிச்சுக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லையே.

— வந்த பாத்திரத்தை வெறுமையாத் திருப்பக்கூடாதுன்னு என் பொண்டாட்டி காலையில இருந்து பொரிச்சா. நீயும் வந்த விருந்தாளியை வெறுங்கையோட அனுப்பாதே. அந்தக் கயித்தைக் கறுப்பிக்குக் கட்டிக் கூட்டிட்டு வா, வண்டியில பின்சீட்டு காலியாத்தான் இருக்கு.