வாய் அசைந்தால்தான் ஆள்

எட்மோன்: உள்ள போகாதே ரோசாலி. சட்டியை இப்படி வை. கொஞ்சம் இந்த வராந்தாவுலயே உக்காரு.

ரோசாலி: சோறு ஆறிடும்ண்ணே. ஆறிப்போனா தொடமாட்டான்.

எட்மோன்: ஒரு நிமிஷம்தான். இன்னிக்கு என்ன, மீனா?

ரோசாலி: மீன்தான். முள்ளெடுத்துக் கொண்டாந்திருக்கேன். முள்ளு இருந்தா, இது எந்த ஆத்து மீன் அக்கான்னு கேப்பான். சைகோன் ஆறுன்னு நான் சொன்னா, பொய் சொல்றேம்பான்.

எட்மோன்: அவன் சொல்றதுதான் சரியா இருக்கும். சந்தைக்காரி எந்த ஆத்து மீனை உன் தலையில கட்டினாளோ.

ரோசாலி: பேசுங்க, நீங்களும் என் தம்பி ஜூல் பக்கமே பேசுங்க. ரெண்டு பேரும் ஒரே புய்ரோவுல வேலை பாத்துப் பாத்து... என்னண்ணே, சிரிக்கக் காணோம்?

எட்மோன்: சிரிச்சேனே.

ரோசாலி: பல்லு தெரிஞ்சுது. அது சிரிப்பில்ல. பதினோரு மணிக்குக் கதவைச் சாத்திட்டு எல்லாரும் மத்தியானத் தூக்கத்துக்குப் போயாச்சு. கப்பல் சீட்டு புய்ரோவோட பெரிய குமாஸ்தா மட்டும் எனக்காக வெளியில காத்துக்கிட்டு நிக்கிறார்.

எட்மோன்: உள்ள புழுக்கம்.

ரோசாலி: பானு விஷயம்தானே?

எட்மோன்: ...உனக்கு யாரு சொன்னா?

ரோசாலி: நம்ம ஊர்க்காரங்க இந்த சைகோன்ல எத்தனை பேருண்ணே? ஒரு வீட்டுல தும்மினா ஒன்பது வீட்டுல கேக்குது. பென்-தான் பெரிய சந்தைகிட்ட துணிக்கடை வச்சிருக்காரே, அந்தக் காரைக்கால்காரர், அவர் சம்சாரம் நஸீம் பானு. தாயாருக்குக் கடைசி நேரம்னு தந்தி வந்துச்சு. அன்னிக்குன்னு பாத்துப் புருஷன் புனோம்பென் போயிருந்தார். அதுவே ஓடி வந்து சீட்டு கேட்டுச்சு.

எட்மோன்: சாயங்காலம் கப்பல். அதை விட்டா அடுத்த மாசம்தான்.

ரோசாலி: சீட்டு ஜன்னல்ல ஜூல் உக்காந்திருந்தான். ஏறெடுத்துப் பாத்தான். திரும்பக் குனிஞ்சு எழுத ஆரம்பிச்சுட்டான்.

எட்மோன்: மூணு தடவை கேட்டுச்சாம். ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சாம். ஒரு வார்த்தை, சீட்டு இல்ல, நாளைக்கு வாங்கன்னாவது...

ரோசாலி: கப்பல் போயிடுச்சு.

எட்மோன்: அந்தத் தாய் உடனே கண்ணை மூடியிருந்தாலும் பரவால்ல. இருபத்திரண்டு நாள் உசிரைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்துச்சாம். கப்பல் போய்ச் சேர பன்னெண்டு நாள்.

ரோசாலி: முகத்தைப் பாத்திருக்கலாம்.

எட்மோன்: பாத்திருக்கலாம். அதான் புருஷனுக்குப் பொறுக்கல. நேரா எங்க புய்ரோ துரைகிட்டயே புகாரோட போயிட்டார்.

ரோசாலி: அண்ணே, ஒண்ணு கேக்கவா? என் தம்பியை ஜன்னல்ல உக்கார வச்சது யாரு?

எட்மோன்: சோறு ஆறுதுன்னியே...

ரோசாலி: உள்ளறை. சுவரைப் பாத்த மேசை. ஒரு நேரத்துல ஒரே வேலை. வர்ற கடுதாசிக்கெல்லாம் நல்ல எழுத்துல நகல் எழுதணும், ஆளுங்களோட பேச்சு கிடையாது. இதுதானே நாம பேசிக்கிட்டது?

எட்மோன்: ஜன்னல் குமாஸ்தா முத்தையாவுக்குக் காய்ச்சல். நான் துறைமுகத்துக்குக் காகிதம் கொண்டு போகணும். ஒரு மணி நேரம்தானேன்னு நினைச்சேன்.

ரோசாலி: துரைகிட்ட அதைச் சொன்னீங்களா?

எட்மோன்: எனக்கு அஞ்சு பிள்ளைங்க ரோசாலி.

ரோசாலி: சொல்லல.

எட்மோன்: சொல்லல.

ரோசாலி: உங்களைக் குத்தம் சொல்ல வரலண்ணே. அவனைச் சோலோன் ஊரு அரிசி ஆலையில நாலே நாள்தான் வேலைக்கு வச்சிருந்தாங்க. கோயில்ல மணி அடிக்கிற வேலை வாங்கிக் குடுத்தேன், வானத்துலேருந்து சம்மனசு வந்து அவசரப்படுத்துதுன்னு ஒரு மணி நேரம் முன்னாடியே அடிச்சு ஊரையே எழுப்பி விட்டான்.

எட்மோன்: அன்னிக்கு நானும் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டுப் பூசைக்கு ஓடினேன்.

ரோசாலி: பாத்தேன். தையல் வெளியில தெரிஞ்சுது. எல்லாரும் கதவைச் சாத்தினப்ப நீங்க ஒருத்தர்தான் திறந்து விட்டீங்க. அதை நான் மறக்கல.

எட்மோன்: திறந்தேன்... ஆனா எனக்கு ஒண்ணு விளங்கல. ஏண்டா பதில் சொல்லலன்னு அவனைக் கேட்டேன். அக்கா சொல்லியிருக்குன்னான். திரும்ப எழுத உக்காந்துட்டான். நீ என்ன சொல்லியிருந்தே?

ரோசாலி: அப்படியா சொன்னான்?

எட்மோன்: அப்படித்தான் சொன்னான்.

ரோசாலி: ...வேலைக்கு வந்த முதல் வாரம் ஞாபகம் இருக்கா? அவனுக்குக் கேக்கிற குரலுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருந்தான்.

எட்மோன்: முத்தையா என் முதுகுக்குப் பின்னாடி வந்து உக்காந்துக்கிட்டான்.

ரோசாலி: ஆஸ்பத்திரியில அவனை என் கையில குடுத்தப்ப டாக்டர் என்ன சொன்னார்? வேலையில இருக்கிற வரைக்கும் வெளியில இருக்கலாம். வேலை போச்சுன்னா திரும்ப உள்ளதான்னார். நான் என்ன செய்வேன்? யோசிச்சு யோசிச்சு ஒண்ணு கண்டுபிடிச்சேன். ஜூல், யாராவது பேசினா முதல்ல வாயைப் பாரு. வாய் அசைஞ்சா அது ஆளு, மரியாதையா பதில் சொல்லு. வாய் தெரியலன்னா அது ஆளில்ல. கெஞ்சினாலும் அழுதாலும் காதுல வாங்காதே, உன் வேலையைப் பாருன்னு சொல்லி வச்சேன்.

எட்மோன்: மாதாவே... பானு துப்பட்டி போட்டுக்கிட்டு வந்துச்சு. கண்ணு மட்டும்தான் தெரியும்.

ரோசாலி: எங்கம்மா சாகப் போறாங்க, எங்கம்மா சாகப் போறாங்கன்னு அழற குரல். அவனுக்குத் தினம் கேக்கிறதே அதுதாண்ணே. எங்கம்மா போனதுலேருந்து.

எட்மோன்: அவனுக்கு எப்படித் தெரியும், பாவம்.

ரோசாலி: அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அக்கா, இன்னிக்கு ரொம்ப அழுதுச்சு, நான் அசையலன்னான். முகமெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம். கெட்டிக்காரன்டா நீன்னு சொன்னேண்ணே. முட்டை பொரிச்சுக் குடுத்தேன்.

எட்மோன்: போதும் ரோசாலி.

ரோசாலி: ரெண்டு முட்டை.

எட்மோன்: போதும்மா. தண்ணி குடிக்கிறியா?

ரோசாலி: வேணாம். நான் அழறதுக்கு வரல. நல்ல சேதி ஒண்ணு வச்சிருக்கேன். நேத்து பானு வீட்டுக்குப் போனேன்.

எட்மோன்: நீயா? தனியாவா?

ரோசாலி: சந்துமுனையில மூணு தடவை திரும்பிட்டு நாலாவது தடவை போனேன். இந்த வாய் விஷயத்தை அப்படியே சொன்னேன். நான் எழுந்திரிக்கப் போனேன். அப்ப பானு கேட்டுச்சு, உங்க தம்பிக்கு இப்ப என் குரலும் அந்தக் குரலுங்களோட சேந்து கேக்குதான்னு.

எட்மோன்: நீ என்ன சொன்னே?

ரோசாலி: தெரியலன்னேன். வேற என்ன சொல்ல? அப்புறம் உள்ள போய்ப் புருஷன்கிட்ட பேசுச்சு. நாளைக்குக் காலையில அவரே வந்து துரைகிட்ட புகாரைத் திருப்பி வாங்கிக்கிறேன்னுட்டார்.

எட்மோன்: நாளைக்கா...

ரோசாலி: முதல் ஆளா வர்றேன்னார். அதுக்குள்ள நீங்க ஒரு கடுதாசி தயார் பண்ணி வைங்க. தப்பு அக்கா மேலதான்னு எழுதுங்க. ஜன்னல்ல உக்கார வச்ச கதையெல்லாம் வேணாம், உங்க பிள்ளைங்க நல்லா இருக்கட்டும். இனிமே தினம் நான் வந்து உள்ளறை வாசல்லயே உக்காந்துக்கறேன். சம்பளம் வேணாம், தையலை இங்கயே வச்சுத் தைச்சுக்கறேன்.

எட்மோன்: ரோசாலி...

ரோசாலி: ஜன்னலுக்கு ஆள் வந்தா நான் எழுந்து போய்ச் சொல்றேன். இனிமே அந்த வாய்ச் சட்டமும் வேணாம், வேற ஏதாவது யோசிக்கறேன். நான் ஒருத்தருக்கும் இடைஞ்சலா...

எட்மோன்: கடுதாசி போயிடுச்சும்மா.

ரோசாலி: எந்தக் கடுதாசி?

எட்மோன்: சனிக்கிழமையோட வேலையை விட்டு நிறுத்தற கடுதாசி. திங்கக்கிழமையே துரை கையெழுத்துப் போட்டுட்டார். ஒண்ணு புய்ரோ காகிதக் கட்டுல இருக்கு. இன்னொண்ணு ஆஸ்பத்திரிக்கு.

ரோசாலி: ஆஸ்பத்திரிக்கு எதுக்கு?

எட்மோன்: அவங்க கேட்டு வச்சிருந்தாங்களே. வேலை போனா சொல்லணும்னு. சனிக்கிழமை மத்தியானம் வண்டி அனுப்பறோம்னு பதில் வந்துடுச்சு.

ரோசாலி: இன்னிக்கு... வியாழன்.

எட்மோன்: வியாழன்.

ரோசாலி: பானு புருஷன் வந்து சொன்னாலும்?

எட்மோன்: கேட்டுப் பாக்கறேன். ஆனா துரை போட்ட கையெழுத்தை இதுவரைக்கும் திருப்பி வாங்கினதில்ல.

ரோசாலி: திங்கக்கிழமையிலேருந்து நான் தினமும் சோறு கொண்டாந்தேன். மெர்சி மெர்சின்னு உங்களுக்கு நன்றி சொல்லிட்டுத்தான் போனேன்.

எட்மோன்: ஒவ்வொரு நாளும் சொல்லணும்னுதான் நினைச்சேன்.

ரோசாலி: உள்ள உக்காந்து எழுதிக்கிட்டிருக்கானே அண்ணே... அவனுக்கு ஒண்ணுமே தெரியாதே. சனிக்கிழமை வண்டியைப் பாத்தா என்ன நினைப்பான்? நான் எந்த வாயால சொல்லுவேன்? அந்தக் கடுதாசியை நீங்கதானே எழுதினீங்க? ஒரு வார்த்தை நல்லதா எழுதினீங்களா, அதையாவது சொல்லுங்க.

எட்மோன்: நான்தான் முதல்ல எழுதிக் கொண்டு போனேன். துரை தூக்கிப் போட்டார். இது என்ன கிறுக்கல், எப்பவும் அழகா எழுதற ஆள்கிட்ட குடுன்னார். அவருக்கு எழுத்தைத்தான் தெரியும், ஆளைத் தெரியாதும்மா. அந்த அழகு எழுத்து இவனோடதுதான்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. கொண்டுபோய் ஜூல் மேசையில வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துட்டேன். ஒரு மணி நேரத்துல ரெண்டு நகலும் எடுத்துக்கிட்டு வந்தான். ஒரு பிசகு இல்ல. ஆறு மாசம் வேலை பாத்தான்னு நான் போட்டிருந்ததை எட்டு மாசம்னு திருத்தியிருந்தான். மை காயட்டும்ண்ணே, மடிச்சிடாதீங்கன்னான். அப்புறம், அக்காகிட்ட சனிக்கிழமை சொல்லிக்கலாம், அது இப்பத்தான் கொஞ்சம் நல்லா தூங்குதுன்னான்.