பச்சையாகக் காட்டிய ஊர்

மழை விடாத மத்தியானம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் மடியில் லேப்டாப்.

"மச்சான், எங்க ஊர பச்சையா போட்டுட்டேன்டா."

"அதுக்கென்ன?"

"வெள்ளம் வந்த ஊர சிவப்பா, வராத ஊர பச்சையா மேப்புல காட்டற டாஷ்போர்டுடா இது. இதப் பாத்துத்தான் மீட்புப் படகு அனுப்பறாங்க. வெப்சைட்டுலேர்ந்து தகவல் எடுத்துப் போட நேத்து ஆபீசுல ஒரு மணி நேரந்தான் குடுத்தாங்க. தகவலே வராத ஊரையும் அவசரத்துல பச்சையாக்கிட்டேன்."

"இப்ப மாத்திடு."

"மாத்திட்டேன். அதுக்குள்ள படகெல்லாம் சிவப்பு ஊருக்குப் போயிடுச்சு."

"அம்மாகிட்ட பேசினியா?"

"காலையில பேசினேன். தண்ணி வாசலுக்கு வந்துடுச்சு, ஸ்கூல் மாடிக்குப் போயிடட்டுமான்னு கேட்டுச்சு."

அவன் லேப்டாப்பை மூடினான்.

"ஊரு பச்சையா கெடக்கறது அப்ப தெரியாம, படகு வரும், வீட்டவுட்டு எங்கயும் போவாதன்னு சொன்னேன். இப்ப போனே எடுக்கல."