பட்டன் வைத்து ஆடும் மேசை

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிர்வாகி அம்மா அவர்களே, வெட்டும் பிரிவில் கத்தரியோடு கத்தரியாகத் தேய்ந்து தெளிந்த பெரியவர்களே, மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் ரகசியம் சொன்னாலும் அடுத்த கட்டடத்துக்குக் கேட்கும்படி சொல்லும் தாய்மார்களே, பின்வரிசையில் பெஞ்சுக்கு அடியில் கைப்பேசியை ஒளித்துவைத்துக் கார் ஓட்டிக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே, இன்றைய தீர்மானத்தைக் கொண்டுவந்திருக்கும் நம் மனமகிழ் மன்றத்தின் செயலாளர், மடிப்புக் கலையாத சட்டைக்கும் மனசுக்கும் சொந்தக்காரர், மதிப்பிற்குரிய இஸ்திரி மாஸ்டர் அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என்னை அறிமுகம் செய்துகொள்கிறேன். நான் இந்தத் தையற்கூடத்தில் தரம் பார்ப்பவள். நீங்கள் வெட்டுவீர்கள், நான் பார்ப்பேன். நீங்கள் தைப்பீர்கள், நான் பார்ப்பேன். நீங்கள் வியர்வை சிந்தித் தேய்த்து மடித்துக் கொண்டுவந்து வைப்பீர்கள், நான் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்புவேன். வீட்டில் என் மாமியார் சம்பளம் இல்லாமல் செய்த வேலையை நான் இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன். சிரிக்காதீர்கள், அவரும் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்.

விளையாட்டிலும் அப்படித்தான். நான் ஆடுவதில்லை, பார்ப்பேன். ஆடுகிறவர்களுக்குத் தங்கள் சீட்டு மட்டும் தெரியும். பின்னால் நிற்பவளுக்கு ஆடுகிறவரையும் தெரியும். ஆகையால்தான் கட்சி கட்டாமல், காழ்ப்பும் கோபமும் இல்லாமல் பேசக்கூடியவள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள்.

தீர்மானம் என்ன? மன்ற அறையில் வீடியோ கேம் இருக்கலாம், கேரம் இருக்கலாம், ஆனால் சீட்டு மேசை கூடாது. ஏன் கூடாது? மாஸ்டர் சற்றுமுன் இதே மைக்கில் சொன்னார். "சீட்டு மேசை மனுஷன மாத்திடுங்க. என்னையே மாத்திச்சு. அதுக்கு நானே சாட்சி. எடுத்துடலாம்." நீங்களும் கைதட்டினீர்கள். தன் குறையைத் தானே சொல்பவருக்குக் கைதட்டத்தான் வேண்டும். ஆனால் குறை என்று வந்துவிட்டால், அவையோரே, அதை ஒருமுறை பிரித்துப் பார்ப்பது என் தொழில்.

விளையாட்டு என்றால் என்ன? வயிறு நிறைக்கிறதா? வாடகை கொடுக்கிறதா? போன சுற்றுலாவில் எல்லோரும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனோமே, அந்த ராட்சத ராட்டினம் நம்மை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது? ஏறிய இடத்திலேயே இறக்கிவிட்டது. அதற்கு வரிசையில் நின்றோம், வெயிலில் வெந்தோம், வேண்டி விரும்பி வயிற்றைக் கலக்கிக்கொண்டோம். நம் கூடமே நடுங்கும் நிர்வாகி அம்மா, உச்சிக்குப் போனதும் பக்கத்தில் இருந்த பார்சல் கட்டுபவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, விட்டுடாதீங்க அண்ணே" என்று கதறினார்கள். அம்மாவே சிரிப்பதால் தைரியமாகத் தொடர்கிறேன். கீழே இறங்கிய பிறகு அந்த அண்ணன் மறுபடி பார்சல் கட்டுபவர் ஆனார், அம்மா மறுபடி அம்மா ஆனார்கள். ஆனால் அதற்குப் பிறகு பார்சல் பிரிவில் மின்விசிறி வேண்டும் என்று யாரும் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை.

வீடியோ கேமைப் பாருங்கள். காஜா போடும் தம்பி மதிய இடைவேளையில் குச்சியைப் பிடித்துத் திருகி, காரைக் கொண்டுபோய்ப் பாலத்திலிருந்து கவிழ்க்கிறான். "செத்துட்டேன்" என்கிறான். சொல்லிவிட்டுத் தேநீரை ஒரு வாய் குடிக்கிறான். மறுபடி பட்டனை அழுத்துகிறான், மறுபடி உயிர் வருகிறது. வெளியே எந்த வேலையில், எந்த வீட்டில், எந்த வீதியில் இப்படி ஒரு வசதி உண்டு? இங்கே ஒரு தையல் கோணினால் உடனே கேள்வி. அங்கே கார் கவிழ்ந்தாலும் கேள்வி இல்லை. விளையாட்டில் விழுவதற்கு விலை இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அங்கே யாரோ, "சீட்டுக்கு வாங்க அக்கா" என்கிறீர்கள். வருகிறேன்.

நம் மேசையில் ஆடும் ஆட்டம் போக்கர். தெரியாத தாய்மார்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு ஐந்து சீட்டு. எதிராளியின் சீட்டு நமக்குத் தெரியாது. கையில் நல்ல சீட்டு இருப்பதாக நம்பி, அல்லது இருப்பதாக நம்பவைத்து, பந்தயத்தை நடுவில் வைப்பது. வெளியில் எதை வைப்பார்களோ தெரியாது, நாம் வைப்பது பட்டன். உடைந்த பட்டன், விளிம்பு தேய்ந்த பட்டன், நிறம் தப்பிய பட்டன், நான் வேண்டாம் என்று ஒதுக்கிய பட்டன். இவ்வளவு பேர் இவ்வளவு ஆசையோடு அள்ளி அணைத்த பொருள் நான் குப்பை என்று தள்ளியதுதான் என்பதில் எனக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

மேசைக்கு இரண்டே சட்டங்கள். ஒன்று, ஆட்டம் முடிந்ததும் எல்லாப் பட்டனும் பிஸ்கட் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு, ஒருவர் கையில் ஒரே ஒரு பட்டன் இருந்தாலும், அதைக் காட்டி ஆட்டம் கேட்டால், எதிரே இருப்பவர் ஆடித்தான் ஆகவேண்டும். நடுவில் யார் எவ்வளவு வைத்திருந்தாலும் வென்றவருக்கே அத்தனையும். வெளியில் ஆடுகிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் பட்டன் தைப்பவர்கள் இல்லை.

இந்த மேசைக்கு மாஸ்டர் வந்தார். வந்த நாளிலிருந்து வென்றார். வெற்றி என்றால் சாதாரண வெற்றியா? அவர் முகத்தையும் இஸ்திரி போட்டு வைத்திருப்பார், ஒரு சுருக்கம் தெரியாது. வென்ற பட்டன்களை ஒரு நாள் டப்பாவில் போடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு வச்சு ஆடத்தானே" என்றார். முதல் சட்டம் அன்றைக்கு உடைந்தது. யாரும் தடுக்கவில்லை, ஏனென்றால் யாரும் அதைச் சட்டம் என்று நினைக்கவில்லை, பழக்கம் என்று நினைத்தார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? டப்பா வற்றியது. பை புடைத்தது. பட்டன் கேட்டு மாஸ்டரிடம் நிற்க வேண்டியதாயிற்று. நின்றவர்கள் குழைந்தார்கள். "மாஸ்டர் சாப்பிட்டாச்சா?" என்றார்கள். "மாஸ்டருக்கு இடம் விடுங்கப்பா" என்றார்கள். குப்பைப் பட்டனுக்காக, அவையோரே, கூன் விழும் அளவுக்குக் குனிந்தார்கள். மேசையில் சிரிப்பு நின்றுபோனது. மாஸ்டர் சொன்னது உண்மைதான். மாறினார். நான் மறுக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு. பட்டன் மெஷினில் உட்காரும் அக்கா, அதோ நான்காவது வரிசையில் இருக்கிறார். கதையைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "சொல்லு, எத்தனை நாள்தான் நான் ஒருத்தியே சுமக்கிறது" என்றார். நிர்வாகி அம்மாவுக்கு ஒரு விண்ணப்பம். இது தாங்கள் பொறுப்பேற்பதற்கு முன்னால் நடந்தது. சம்பந்தப்பட்ட கோட்டுகளைப் போட்டவர்களே இந்நேரம் அவற்றை மறந்திருப்பார்கள். தாங்களும் கேட்டுவிட்டு மறந்துவிட வேண்டும். தலை அசைகிறது. நன்றி.

அக்காவுக்கும் ஆட்ட ஆசை. கையில் பட்டன் இல்லை. குழைவதற்கு மனமில்லை. மெஷின் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே நீலப் பட்டன்கள். கோட்டுத் துணியோடு சேர்த்துச் சாயம் போட்டு வந்தவை. அந்த நீலத்தில் வேறு பட்டன் எங்கேயும் கிடைக்காது. கோட்டுகளோ இன்னும் தையலில் இருந்தன. அவை தன் மெஷினுக்கு வருவதற்குள் வென்று எடுத்துத் திரும்பப் போட்டுவிடலாம் என்று அக்கா ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனார். தோற்றார். மறுபடி ஒரு பிடி. மறுபடி தோற்றார். நீலப் பட்டன்கள் மாஸ்டரின் பைக்குள் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் கோட்டுகள் வந்து நின்றன. வாங்குபவரின் ஆள் சாயங்காலம் பார்க்க வருவதாகத் தகவலும் வந்தது. பட்டன் இல்லாத கோட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, என்ன ஆயிற்று என்று கேட்க நான் மன்ற அறைக்குப் போனேன். உள்ளே அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"மாஸ்டர், அந்த நீலப் பட்டனக் குடுத்துடுங்க. கோட்டு வந்து நிக்குது."

"அது நான் ஜெயிச்சது."

"என் வேலை போயிடும் மாஸ்டர். வீட்ல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன்."

"ஜெயிச்சத சும்மா எப்படிக் குடுக்கிறது?"

வளர்ந்த மனிதர், வயதுக்கு வந்த பெண்ணின் தகப்பன், ஊருக்கெல்லாம் நியாயம் சொல்பவர், ஒரு கைப்பிடிப் பட்டனை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். எனக்குக் கோபம் வருவது அரிது. அன்றைக்கு வந்தது.

அக்கா அழவில்லை. மேற்கொண்டு கெஞ்சவும் இல்லை. டப்பாவின் அடியில் கையை விட்டுத் துழாவி, பாதி உடைந்த பட்டன் ஒன்றை எடுத்தார். மேசையில் வைத்தார். "ஒரு ஆட்டம் போடுங்க மாஸ்டர்" என்றார்.

இரண்டாவது சட்டம். ஆடித்தான் ஆகவேண்டும்.

மாஸ்டர் உட்கார்ந்தார். கலைத்தார். பகிர்ந்தார். தன் ஐந்து சீட்டையும் எடுத்து விரித்துப் பார்த்தார். பிறகு சட்டைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, நீலம், வெள்ளை, பழுப்பு எல்லாவற்றையும் நடுவில் கொட்டினார். பாதி உடைந்த ஒரு பட்டனுக்கு எதிரே அவருடைய மொத்த சாம்ராஜ்யம். "பாத்தியா திமிரை" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அக்கா சீட்டைக் காட்டினார். இரண்டு எட்டு. வேறொன்றும் இல்லை. மாஸ்டர் தன் சீட்டைப் பார்த்தார். தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் பார்த்தார். யாருக்கும் காட்டாமல் அப்படியே கவிழ்த்து, கட்டோடு கலந்துவிட்டார். "உனக்கு நல்ல சீட்டு" என்றார். எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினார்.

கோட்டுகளுக்குப் பட்டன் வந்தது. நானே பார்த்து அனுப்பினேன், குறை ஒன்றும் இல்லை. அக்காவின் வேலை பிழைத்தது. அன்றைக்கு எழுந்த மாஸ்டர் அதன் பிறகு அந்த மேசையில் உட்காரவே இல்லை. இதுவரைக்கும் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு.

நான் எங்கே நின்றிருந்தேன்? மாஸ்டருக்குப் பின்னால். என்ன செய்துகொண்டிருந்தேன்? என் தொழிலை. பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் இருந்தது மூன்று ராஜா, இரண்டு பத்து. போக்கர் தெரிந்தவர்கள் அதோ "ஐயோ" என்கிறார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அந்தக் கைக்கு முன்னால் இரண்டு எட்டு என்பது ரயிலுக்கு முன்னால் மிதிவண்டி.

அக்கா, உங்களுக்கு இது தெரியாது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு மேடையேற்றிக் கேட்டுவிட்டார்களே.

அவையோரே, மேசை அவரைப் பேராசைக்காரர் ஆக்கியது என்கிறார் மாஸ்டர். ஆக்கியது. அவரை மீட்டது எது? நீதியா, நிர்வாகமா, நான்கு பேரின் அறிவுரையா? நியாயம் கேட்டபோது அவர் கொடுக்கவில்லை. வேலை போகும் என்றபோதும் கொடுக்கவில்லை. கொடுக்க வராத மனிதருக்குத் தோற்க வந்தது. கொடுத்திருந்தால் அக்கா காலத்துக்கும் அவருக்குக் கடமைப்பட்டிருப்பார். தோற்றதால் அக்கா நிமிர்ந்து நடந்து வெளியே போனார். இப்படி ஒரு காரியத்தை எந்த மேசையில் செய்ய முடியும்? சாப்பாட்டு மேசையிலா? நிர்வாகி அம்மாவின் மேசையிலா? மன்னிக்க வேண்டும் அம்மா. விளையாட்டு மேசையில் மட்டும்தான் முடியும்.

டப்பாவைக் காலி செய்தவர் மாஸ்டர். டப்பாவை மறுபடி நிறைத்தவரும் மாஸ்டர். குற்றத்துக்குத் தானே சாட்சி என்று மேடையேறியவர், மற்றதற்குச் சாட்சி இல்லை என்று நினைத்திருந்தார். நான் இருக்கிறேன்.

மாஸ்டர், பலர் முன்னால் ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு உங்கள் கையில் என்ன சீட்டு இருந்தது? எழுந்து சொல்லுங்கள். மைக் வேண்டாம், கேட்கும்.

"ஒண்ணும் இல்லம்மா. ஒரு ஜோடிகூட இல்ல. நீ சரியாப் பாக்கல."

கேட்டீர்களா? கேட்டீர்களா அவையோரே? முகத்தைப் பாருங்கள், ஒரு சுருக்கம் தெரிகிறதா? சீட்டைத் தொட்டு இத்தனை காலம் ஆகிறது, மனிதர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்.

அமைதி, அமைதி. நான்காவது வரிசையில் எழுந்து நிற்பது யார்? பட்டன் அக்காவா? கண்ணைத் துடைத்துக்கொண்டு எதற்குக் கையைத் தூக்குகிறீர்கள்? பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். அக்காவின் விரல்களுக்கு நடுவில் ஒரு பட்டன் இருக்கிறது. பாதி உடைந்த பட்டன்.

"நாளைக்கு மத்தியானம் ஒரு ஆட்டம் மாஸ்டர்."

சட்டம் தெரியும் அல்லவா மாஸ்டர்? ஆடித்தான் ஆகவேண்டும். ஆடுவதற்கு ஒரு மேசை வேண்டும். தீர்மானத்தை என்ன செய்வது என்று இனி செயலாளர்தான் சொல்ல வேண்டும். அவர் உட்கார்ந்துவிட்டார், சட்டைப்பையிலிருந்து தீர்மானம் எழுதிய காகிதத்தை எடுத்து நான்காக மடிக்கிறார். மடிப்பு நேராக இருக்கிறது. தரம் பார்ப்பவள் என்ற முறையில் ஏற்றுக்கொள்கிறேன்.

கைக்கடிகாரத்தைக் கடைசி வரை எனக்குக் காட்டாமல் வைத்திருந்த நிர்வாகி அம்மாவுக்கும், நின்றும் அமர்ந்தும் கேட்ட பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கவனித்த தம்பி தங்கைகளுக்கும் என் நன்றி. டப்பாவில் பட்டன் போதாது என்றால் என்னிடம் வாருங்கள், ஒதுக்கியது நிறைய இருக்கிறது. வணக்கம்.